மலையில் பெரிய கிழமை

புதன்

உயிர்த்த ஞாயிறு முடியும் வரை இனி மாமி, என் கணவரின் அம்மா, வீட்டில்தான். விடியமுன் வத்தளையில் இருந்து இறங்கி, புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் பிடித்தோம். பஸ் நிறையச் சிவனொளிபாத மலைக்குப் போகிற சனம், வெள்ளை உடுப்பும் தோளில் பையுமாக. டிசம்பர் பௌர்ணமிக்குத் தொடங்குகிற மலை யாத்திரை வெசாக் வரை நடக்கும். உயிர்த்த ஞாயிறும் மார்ச் 21க்குப் பிறகு வருகிற முதல் பௌர்ணமியை வைத்துக் குறிக்கிற நாள்தானே. அதனால் அவர்களும் நாங்களும் ஒரே பஸ்ஸில் ஏறுவது புதினமில்லை. முன் சீட்டில் இருந்த சிங்கள அம்மா என் சின்னவளுக்கு அவித்த கடலை கொடுத்துக்கொண்டே வந்தார்.

அவிசாவளை, யட்டியாந்தோட்டை வரைக்கும் ரப்பர் மரமும் வியர்வையும். கித்துல்கலையில் களனி கங்கையைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தினார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் காது அடைத்தது, வட்டவளையில் சுவெட்டர் எடுத்தோம். அப்புறம் இரண்டு பக்கமும் தேயிலைதான்.

நான் பேசாலைக்காரி. மன்னார்த் தீவில் கடலும் பனையும் பார்த்து வளர்ந்தவள். என் கணவர், இவர், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது, கத்தோலிக்க வேதமும் மருதமடு மாதாவும் மட்டும்தான் என்று கலியாணத்தின்போது நினைத்தேன். போகப் போக வேறு சங்கதிகளும் தெரியவந்தன. அதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

ஆட்டோ மேல் டிவிசன் வரை ஏறியது. மாமி ஸ்தோப்பில் நின்று, "வா புள்ள, கைகால கழுவிட்டு அடுப்புக்கிட்ட வந்து ஒக்காரு" என்றார். நான் கொண்டுபோன பாரைக் கருவாட்டை முகர்ந்து பார்த்து, மேலே பரணில் பத்திரமாக வைத்தார். பனங்கட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி குடித்தோம், இஞ்சி தட்டிப் போட்டது.

வீடு பழைய லயத்துக் காம்பராதான். பழைய லயங்களில் 10 அடிக்கு 12 அடி என்று ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையைக் கொடுத்தார்கள். இவரின் தம்பி பின்பக்கம் தகரம் போட்டு ஓர் அறை இறக்கியிருக்கிறான். முன் அறையில் கட்டிலுக்கு மேலே திரு இருதய ஆண்டவர் படம், மடு மாதா, அந்தோனியார், ஒரு சிவப்பு பல்ப். நிலைப்படியில் குருத்தோலைச் சிலுவை. இந்த உயரத்தில் தென்னை வளராது. ஓலை கீழே இருந்து லொறியில் வர வேண்டும். வந்ததில் ஒரு நறுக்குக்கூட வீணாகாது. வீடு வீடாகச் சிலுவை பின்னி, மீதியை அடுத்த வருடத்து விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்க எடுத்து வைப்பார்கள்.

தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் சாமி, குருவானவர், வந்து பூசை வைக்கிறார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் வாசகம் படித்துச் செபம் நடத்துவார். மற்றபடி கோயில் என்பது இந்தக் காம்பராதான். ராத்திரி 7 மணிக்கு மாமி பாயைப் போட்டார், எல்லாரும் உட்கார்ந்தோம். தவக்காலம், துக்க தேவ இரகசியங்கள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்க, மாமி ஒரு "அருள்நிறை மரியாயே" முடிவதற்குள் எழுந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்ததற்குச் சரியாக வந்து சேர்ந்துகொண்டார்.

வியாழன்

தம்பியின் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்து எடுக்கிறவள். விடியற்காலை 4.30க்கு அவள் அடுப்பு மூட்டுகிற சத்தத்தில் எழுந்து, நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

எரிகிறது மிலாறு. தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள், அப்போது விழுகிற குச்சிகள். மெல்லியது, முடிச்சும் கணுவுமாக இருக்கும், ஆனால் நின்று எரியும். போன மாதம் மேல் மலையில் கவ்வாத்து என்பதால் வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ரொட்டி சுடுவதைப் பார்க்க வேண்டும். அரைத் தேங்காயைத் துருவி, முதலில் பாலைப் பிழிந்து பருப்புக்கு எடுத்துவிட்டாள். பிழிந்த சக்கையோடு இன்னும் ஒரு கைப்பிடி பூவைச் சேர்த்துக் கோதுமை மாவில் போட்டு, உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். பிசைந்து பிசைந்து, கிண்ணத்தில் ஒட்டாமல் வருகிற நேரத்தில் உருட்டி வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கையில் எண்ணெய் தடவி, தட்டில் வைத்து விரலால் தள்ளித் தள்ளித் தட்டினாள். ஓரம் மெல்லியதாகப் போக விடமாட்டாள். "மெல்லிசா சுட்டா பத்து மணிக்கெல்லாம் பசிச்சிரும் அக்கா" என்றாள். கல்லில் போட்டு, பொட்டுப் பொட்டாகக் கருகினதும் எடுத்து, தணலோரம் நிமிர்த்தி வைத்தாள். உள்ளே இருக்கிற ஈரம் அங்கேதான் போகும். அந்த நேரத்தில் மாமி அம்மியில் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு வைத்து இழுத்துவிட்டார். தேசிக்காய் ஒரு சொட்டு.

இந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு ஒரு பெண் செங்குத்து மலையில் மத்தியானம் வரை நின்று ஆய்கிறாள். இரண்டு இலை ஒரு கொழுந்து. கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள். 1973, 74 பஞ்சத்தில் இந்த மாவும் கிடைக்கவில்லை என்று மாமி சொன்னார். மரவள்ளிக்கிழங்கும் கண்ட கீரையும் அவித்துத் தின்றார்களாம். தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. மாமி இன்றைக்கும் மாவை அளக்கும்போது கிண்ணத்தில் சிலுவை போட்டுவிட்டுத்தான் கை வைக்கிறார்.

தங்கச்சி, காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போனாள். பகல் எல்லாம் நான் பிள்ளைகளோடு. மேரக்காய், சௌசௌ என்பார்களே, அதன் பந்தலில் காய் பறித்து, நான் கொண்டுவந்த கருவாட்டோடு சேர்த்து மாமி ஒரு குழம்பு வைத்தார். எங்கள் ஊரில் இந்தக் கருவாட்டுக்குக் கத்தரிக்காய்தான் துணை. மேரக்காய் தண்ணீர்க் காய், உப்பை இழுத்துக்கொண்டு கருவாட்டை இளக வைத்துவிடுகிறது. நன்றாகவே இருந்தது. இனி வத்தளையிலும் இப்படித்தான் வைப்பேன்.

பின்னேரம் கொழுந்து நிறுத்து முடித்து வந்து, தங்கச்சி அவசர அவசரமாகக் குளித்து, ஈரத்தலையோடு சேலை கட்டி, பக்கத்து லயத்தாரோடு சேர்ந்து எல்லாரும் ஒரு வேனில் ஹட்டன் திருச்சிலுவைக் கோயிலுக்குப் போனோம். ஆண்டவரின் இராவுணவுப் பூசை. பாதம் கழுவப்பட்ட பன்னிரண்டு பேரில் பெண்களும் இருந்தார்கள். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் சட்டத்தை மாற்றிய பிறகு அது பல இடங்களில் நடக்கிறதுதான். ஆனாலும் முன் வரிசையில் இருந்து நான் பார்த்த அந்தக் காலை மறக்க முடியாது. குதிகால் வெடிப்பில் தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்திருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த வடுக்கள். சாமி தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டபோது அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்டவர் எந்தக் காலைக் கழுவினார் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளி

இன்றைக்கு விடுமுறை. விடுமுறை நாளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கலாம், கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு தருவார்கள். மாமி வேலை செய்த காலம் முழுவதும் ஒரு பெரிய வெள்ளியில்கூட மலைக்கு ஏறினதில்லை. மாமா சுகமில்லாமல் படுத்து, மருந்துக்குக் காசு இல்லாத வருடத்திலும் போகவில்லை. "அன்னிக்கு அவரு மரத்துல தொங்குறாரு. நான் எப்புடி கூடைய மாட்டிக்கிட்டு போறது?" என்று என்னிடமே கேட்டார்.

திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி என்கிற நோன்பு 18 வயதில் இருந்து 59 வரைதான் கடமை. மாமிக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. காலையில் ஒரு வாய் வெறும் சாயத்தண்ணி, அவ்வளவுதான். "மாமி, மருந்து குடிக்கிறீங்க, கொஞ்சமாவது சாப்பிடுங்கோ" என்றேன். "மத்தியானம் கஞ்சி இருக்குல்ல" என்று முடித்துவிட்டார்.

காலையில் தோட்டத்து ரோட்டில் சிலுவைப் பாதை. பெரட்டுக்களத்தில் தொடங்கி, லயம் லயமாக, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா வழியாக ஏறி, கோயிலில் பதினாலாவது ஸ்தலம். சிலுவையை இளவட்டங்கள் மாறி மாறித் தூக்கினார்கள். உபதேசியார் வாசிக்க, நாங்கள் முழங்காலில் இருந்தோம், சரளைக் கல்லில். ஆறாவது ஸ்தலம், வெரோனிக்கா முகம் துடைக்கிற இடம், பக்கத்து வீட்டு அக்காவின் வாசலில் வந்தது. அவர்கள் இந்துக் குடும்பம். வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்து, ஒரு குத்துவிளக்கு ஏற்றி, பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைத்து வைத்திருந்தார். அவருடைய மாமியார் காலத்தில் இருந்தே அந்த ஸ்தலம் அந்த வாசலில்தானாம்.

மத்தியானக் கஞ்சியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிவப்புப் பச்சரிசி ஒரு சுண்டு, வறுத்த பயறு அரைச் சுண்டு, தோல் உரித்த வெள்ளைப்பூண்டு ஒரு கை. மூன்றையும் நிறையத் தண்ணீரில் போட்டு, மிலாற்றை வெளியே இழுத்து, தணலில் விட்டார். அரிசி மலர்ந்து பயறு கரைகிற வரைக்கும் கரண்டியே போடவில்லை. இறக்குகிற நேரத்தில் உப்பும் தேங்காய்ப் பாலும், ஒரு கொதிதான். தொட்டுக்கொள்ளப் பாவற்காய், வெறும் உப்பும் மஞ்சளும் போட்டு வதக்கியது. கசப்பை எடுக்க எதுவும் சேர்க்கவில்லை. இந்த வீட்டில் பெரிய வெள்ளி என்றால் கசப்பு இலையில் இருக்க வேண்டும். சின்னவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் அப்பாயி சாப்பிடுவதைப் பார்த்து ஒரு துண்டை விழுங்கிவிட்டாள்.

மூன்று மணிக்குச் செபம். எங்கள் பக்கம் இந்த நேரத்தில் கோயில் நிறையச் சனம் இருந்து, ஆண்டவரின் பாடுகளைச் சொல்லிப் புலம்புகிற பசாம் பாடும், கேட்டால் கல்லும் கரையும். இங்கே நாங்கள் ஏழெட்டுப் பேர், ஒரு காம்பரா. கடைசியில் மாமி பெயர் சொல்லிச் செபித்தார். செத்தவர்கள், பிள்ளைகள், கொழும்பில் கடையில் நிற்கிற பேரன், துபாய்க்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளை. அப்புறம், "கோத்தகிரியில இருக்கிற எங்கக்கா, அவ புள்ள குட்டிங்க" என்றார். ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பெயர் வரும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து கேட்கிறேன்.

1948 குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். கணக்கு அப்படி. வீட்டுக்குள் வந்தபோது, மாமிக்கு இந்த நாடு, கலியாணம் முடித்திருந்த அக்காவுக்கு அந்த நாடு. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு வந்தபோது மாமிக்குக் கலியாணம் ஆகவில்லை. அக்கா தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. இப்போது போனில் முகம் பார்க்கிறார்கள், அதுவே பெரிய காரியம்.

தலைமன்னாருக்குப் போகிற ரயில் எங்கள் பேசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பெட்டியும் மூட்டையுமாக மலையகச் சனம் நிறைந்த ரயிலைப் பார்த்திருக்கிறார். அம்மம்மா ஸ்டேஷனுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுத்ததையும் சொல்வார். மாமியின் அக்கா அந்த ரயில்களில் எதிலோ இருந்திருக்கிறார். அம்மம்மாவின் செம்பில் அவரும் குடித்திருக்கலாம், யார் கண்டது. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருடமானதை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்து போனவர்களுக்கும் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் வைத்தோம். அம்மா அன்றைக்கு அழுதார்.

இந்த மலையில் விசுவாசத்தைக் காப்பாற்றி வைத்தது யார் என்று கேட்டால் நான் அடுப்படியில் இருக்கிற பெண்களைத்தான் காட்டுவேன். நாடு பிரித்தபோதும் அக்கா பெயர் மாமியின் செபத்தில் இருந்து விழவில்லை. ஐம்பது வருடமாக ஒரு பெயரைத் தினமும் ஆண்டவர் முன்னால் வைப்பதைவிடப் பெரிய பக்தி எனக்குத் தெரியாது.

பின்னேரம் இடியோடு மழை கொட்டியது. பங்குனி, சித்திரையில் மலையில் இப்படித்தான், காலையில் வெயில், பகல் திரும்பினால் மழை.

சனி

இன்றைக்குச் சுருக்கமாக எழுதுகிறேன், ராத்திரிப் பூசைக்குப் போக வேண்டும்.

காலையில் தோட்டத்துச் சேமக்காலையில் மாமாவின் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டினோம். பிறகு தங்கச்சி எங்களை வார்லி கோயில் வரை கூட்டிப் போனாள். அவள் பிறந்த வீடு ஆங்கிலிக்கன் சபை. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே மேட்டில் நிற்கிற கல் கோயில், 1878இல் கட்டியது. கோயிலைச் சுற்றித் துரைமாரின் கல்லறைகள், ஆங்கிலத்தில் பெயரும் வருடமும் வெட்டி. தோட்டத்துத் தமிழருக்கென்று சி.எம்.எஸ். என்கிற ஆங்கிலிக்கன் மிஷன் 1854இலேயே தனி ஊழியம் தொடங்கியது, அப்போது இங்கே தேயிலைகூட வரவில்லை, கோப்பிக் காலம். தங்கச்சியின் பாட்டனாரின் குடும்பம் அந்த வழியில் வந்தது. அவருக்குப் பெயர் வெட்டின கல் எங்கேயும் இல்லை. ஆனால் அவர் வைத்திருந்த தமிழ் வேதாகமம் அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறது, முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதிகளோடு.

மத்தியானம் நாளைக்கான மசாலா. மல்லி, செத்தல் மிளகாய், சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறுவாப்பட்டை, கறிவேப்பிலை, ஒரு கரண்டி அரிசி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்க மாமி விடமாட்டார். ஒவ்வொன்றும் தனித்தனியே, மல்லி பொன்னிறம், அரிசி கொஞ்சம் கறுக்க வேண்டும். லயம் முழுக்க மணம். யார் வீட்டில் நாளைக்குக் கோழி என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிறு

உயிர்த்த ஆண்டவரின் வாழ்த்துக்கள் எல்லாருக்கும். ராத்திரி இருட்டில் கோயில் முற்றத்தில் புது நெருப்பு மூட்டி, பாஸ்காத் திரியில் இருந்து ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு உள்ளே போனோம். வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் சிவனொளிபாத மலையில் படிவரிசை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. புதன்கிழமை பஸ்ஸில் கடலை கொடுத்த அம்மாவும் ஏறி இறங்கியிருப்பார் என்று சின்னவள் ஞாபகப்படுத்தினாள்.

இன்றைக்குச் சமையல் ஆறு மணிக்கே தொடங்கியது. மாமி வளர்த்த சேவல். ஊர்க்கோழி வேக நேரம் எடுக்கும். வெங்காயம், இஞ்சி, பூண்டு, ரம்பை தாளித்து, கோழியைப் போட்டு, தண்ணீர் விடாமல் மூடினார். அதன் தண்ணீரிலேயே வெந்து, அது வற்றி, எண்ணெய் பிரிகிற சத்தம் கேட்ட பிறகுதான் அம்மியில் அரைத்த மசாலா. பிறகு இரண்டாம் பால், கடைசியில் முதல் பால். சோறு, பருப்பு, மேரக்காய்ப் பால்கறி, கோவாச் சுண்டல், பப்படம்.

நாங்கள் சாப்பிட உட்காரும் முன் தட்டுகள் போயின. இந்த லயத்தில் ஒரு வீடு பாக்கி இல்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா வருகிறது, பக்கத்து வீட்டு அக்கா அதற்கு விரதம் பிடிக்கிறார். அவருக்கென்று மாமி புதுச்சட்டியில், கோழி அடுப்பில் ஏறும் முன்னரே, என் பனங்கட்டி போட்டுப் பால்சோறு பொங்கி எடுத்து வைத்திருந்தார். தட்டைக் கொண்டுபோனது நான். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அக்கா அதில் நாலு முட்டை வைத்துத் தந்தார். "திருவிழாவுக்கு இருந்துட்டு போங்க, தேர் பார்க்கலாம்" என்றார். இவருக்கு லீவு இல்லை. நாளைக் காலையில் இறங்குகிறோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேசாலைக்கு அம்மாவிடம் போன் போட்டுக் கொடுத்தேன். சம்பந்திகள் இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள், ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிற கதைதான். ஆகஸ்ட் 15க்கு முன்னமே வந்து நவநாளுக்கு நிற்பதென்று முடிவாகிவிட்டது. அரிசியும் மசாலாத்தூளும் மேரக்காய் ஒரு சாக்கும் மாமி கொண்டுவருவார், மீனும் நண்டும் அம்மாவின் பொறுப்பு. தங்கச்சிக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் கேள்வி, அதற்கும் செபத்தில் இடம் ஒதுக்கியாகிவிட்டது.

போனை என்னிடம் தரும்போது மாமி ஒன்று கேட்டார். மடுவில் இருந்து தலைமன்னார் எவ்வளவு தூரம், அங்கே கப்பல் நின்ற பாலம் இன்னும் இருக்கிறதா என்று. பழைய துறை இருக்கிறது மாமி, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, எங்கள் வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்விடலாம் என்றேன்.

"அப்ப என்னைய ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போ புள்ள. அங்க நின்னுக்கிட்டு அக்காவுக்குப் போன் போடணும்."

திருவிழா முடிந்த அடுத்த நாளே போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.